நாற்பது இடத்தில் போட்டிருக்கிறது

கறையக்கா வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைப் பார்ப்பாள். அது மரியாதை இல்லை என்று சலவைக் கடை முதலாளி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அவளுக்கு வரவில்லை. தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பாள். "என் சாம்பல் கலர் சட்டை, பேனா மை கொட்டினது..." என்று அவர்கள் எடுத்துக் கொடுத்ததும்தான் முகம் மலரும். "அட, நீங்களா! இடது பாக்கெட்டு! இப்ப எப்படி இருக்கு?" என்பாள். விசாரிப்பதும் சட்டையைத்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையின் பின்னறையில் ஜன்னலோர மேசை அவளுடையது. துவைக்க இயந்திரம் இருக்கிறது, இஸ்திரி போட ஒரு மனிதர் இருக்கிறார். இயந்திரம் கைவிரித்த கறைகள் மட்டும் இவளிடம் வரும். மேசையில் ஒரு விளக்கு, சொட்டுச் சொட்டாக விடும் பத்துப் பன்னிரண்டு புட்டிகள், குழந்தைகள் பல் தேய்ப்பது போன்ற மெல்லிய பிரஷ் ஒன்று. அவ்வளவுதான் ராஜ்ஜியம்.

எந்தத் துணி வந்தாலும் மூன்று கேள்வி கேட்பாள். என்ன துணி, என்ன கறை, இதுவரைக்கும் என்ன பண்ணினீர்கள். முதல் இரண்டுக்கும் மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பூசி மெழுகுவார்கள். "ஒண்ணுமே பண்ணலையே, அப்படியே எடுத்துட்டு வந்தேன்" என்பார்கள். துணியில் பற்பசை வாசம் மூக்கைத் துளைக்கும்.

பற்பசையும் எலுமிச்சையும் சோடா உப்பும் எங்கிருந்து வருகின்றன என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் போனிலிருந்து வருகின்றன. அதற்காக, போனில் வருவதெல்லாம் புளுகு என்று ஒரேயடியாகத் தள்ளுகிறவள் அல்ல. அவளும் தேடிப் படிப்பாள். ஆனால் படிக்கும்போது ஒரே ஒரு வரியைத் தேடுவாள்: இது எந்தத் துணிக்கு ஆகாது என்று எழுதியவன் சொல்லியிருக்கிறானா? சொல்லியிருந்தால் மேலே படிப்பாள். படித்ததையும் துணியின் உள்மடிப்பில், வெளியே தெரியாத ஓரத்தில், ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவாள். "எல்லாக் கறைக்கும் ஒரே மருந்துன்னு எழுதறவன் ஜென்மத்துல ஒரு கறையும் எடுத்திருக்க மாட்டான்" என்பது அவள் கட்சி.

இந்தக் கட்சிக்கு வீட்டில் ஓர் எதிர்க்கட்சி உண்டு. அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் நாத்தனார். கணவரின் தங்கை. குடும்ப குரூப்பில் நாளுக்குப் பதினைந்து செய்தி அனுப்புவாள். கணவர் அவளுக்கு 'செய்திப் பிரிவு' என்றே பெயர் வைத்துவிட்டார். இரண்டு பெண்களுக்கும் இதில் பத்து வருஷச் சண்டை. நல்ல சண்டை. அது இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் பொழுது போகாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்ததும், சீருடையோடு ஒரு பஸ் டிரைவர் வந்தார். கவுண்டரில் துணியைக் கொடுக்கவில்லை, நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு வெள்ளைக் கோட்டை மேசைமேல் பிரித்து வைத்தார்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் போடும் கோட்டு. பாக்கெட்டுக்கு மேலே நீல நூலால் ஒரு பெண்ணின் பெயர் தைத்திருந்தது. அதில் மூன்றாவது எழுத்தின் தலைக்கு நேர் மேலே, மிளகளவு, பழுப்பாக ஒரு கறை. தலையில் புள்ளி விழுந்த எழுத்துக்கு உயிர் போய்விடும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். அந்தப் பெயரை அப்படி வாசித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

"என்ன கறை?"

"ரத்தம்மா. என் ரத்தம்தான். ஊசி குத்திடுச்சு."

அப்போதுதான் கறையக்கா நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை, அகலமான தோள், நரை ஓடிய மீசை. "நீங்களா தைச்சீங்க?"

"பொண்ணு திங்கக்கிழமை காலேஜுல சேருறா. எங்க வீட்டுல முதல் டாக்டர். கடையில குடுத்தா மெஷின்ல அஞ்சு நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துடுவான். எனக்கு என்னமோ என் கையால தைக்கணும்னு தோணிச்சு. போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். பதினெட்டு நாள் ஆச்சு."

கறையக்கா கோட்டைத் திருப்பினாள். பின்பக்கம் நூல் கண்டபடி முடிச்சு முடிச்சாகத் தொங்கியது. முன்பக்கம் மட்டும் அச்சடித்தது போல இருந்தது. அவளுக்கு மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது.

"இதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

அவர் பூசி மெழுகவில்லை. "வெந்நீர்ல அரை மணி நேரம் ஊற வெச்சேன்."

கறையக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். ரத்தம் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. சூடு பட்டால் வெந்து, நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பச்சைத் தண்ணீரில் போட்டிருந்தால் கால் மணியில் போயிருக்க வேண்டிய கறை. "யாருங்க உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?"

"போன்லதாம்மா. நான் ஒண்ணும் ஒரே இடத்துல பாத்துட்டு செஞ்சுடல. பத்துப் பன்னெண்டு இடத்துல பாத்தேன். எல்லா இடத்துலயும் வெந்நீர்னுதான் இருந்துச்சு." ஊற வைப்பதற்கு முன்னால் எடுத்த படத்தையும் போனில் காட்டினார். அப்போது கறை சிவப்பாக, பாவமாக இருந்தது. "அத எழுதினவன் மட்டும் என் பஸ்ல ஏறட்டும். நடு ரோட்டுல இறக்கி விட்டுடறேன்."

"இறக்கி விடுங்க. நானும் வந்து ரெண்டு வார்த்தை கேக்கறேன்" என்றாள் கறையக்கா. "கோட்டை விட்டுட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை மதியம் வாங்க. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாக்கறேன்."

"வேற கோட்டு வாங்கிடலாம்மா. ஆனா இதத் திரும்பத் தைக்க நாள் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷனை இப்படிக் கவிழ்த்துவிட்டானே எவனோ ஒருவன்! காபி டம்ளரோடு நாத்தனார் இறங்கி வந்ததும் அவளிடமே கொட்டித் தீர்த்தாள். நாத்தனாருக்கு வாய் நிறைய சிரிப்பு. உடனே போனை எடுத்துத் தேடினாள். எண்ணினாள்.

"அண்ணி, நாப்பத்தோரு இடத்துல போட்டிருக்கு. நாப்பத்தோரு பேரும் சேந்து பொய் சொல்வாங்களா? நீங்க ஒருத்தர்தான் மாத்திச் சொல்றீங்க."

"படி பாப்போம்."

நாத்தனார் செய்தி வாசிப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரத்தக் கறை படிந்த துணியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்துப் பின் சோப்பு தேய்த்தால், துணி முகம் சுளிக்காமல் கறை வெளியேறும்."

"அடுத்தது?"

"கொதிக்கும் வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால், துணி முகம் சுளிக்காமல் கறை நீங்கும் என்று நிபுணர்கள் கூறுகிறார்கள்."

"அடுத்தது?"

மூன்றாவதில் யாரோ ஒரு சிட்டிகை உப்பு சேர்த்திருந்தார். நான்காவதில் ஒரு பெண்மணி, தன் பங்குக்கு இது தன் குடும்ப ரகசியம் என்று சேர்த்திருந்தாள். அங்கேயும் துணி முகம் சுளிக்கவில்லை.

"போதும்" என்றாள் கறையக்கா. "இது நாப்பத்தோரு பேர் இல்ல. ஒரே ஒரு ஆள். ஈரத் துணிய அடுக்கி வெச்சா ஒரு சிவப்புச் சட்டை எல்லாத்துக்கும் சாயம் ஏத்திடும். நாப்பது துணி சிவந்திருக்கேன்னு எண்ணி என்ன பிரயோஜனம்? சாயம் விட்டது எதுன்னு பாரு. எது முதல்ல வந்தது?"

நாத்தனாருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. தேதி பார்த்துப் பார்த்துப் பின்னால் போனாள். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம். கறையக்கா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவோ உறுத்தியது.

செய்தி பார்த்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் திருப்பாமலே கேட்டார். "துணி முகம் சுளிக்காமன்னு நீதானே எப்பவும் சொல்லுவ?"

"உலகத்துல நான் ஒருத்திதான் தமிழ் பேசறேனா?" என்று அவள் எரிந்து விழுந்தாள். ஆனால் அந்த உறுத்தல் எதுவென்று அப்போது தெரிந்துவிட்டது.

நாத்தனாரின் விரல் நின்றது. போனை மெதுவாக அண்ணியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

வீட்டுக் குறிப்புகளுக்கான ஒரு கேள்வி பதில் பக்கம். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி. குழந்தை விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டதாகவும் வெள்ளைச் சீருடையில் ரத்தம் பட்டுவிட்டதாகவும் ஒரு தாய் கேட்டிருந்தாள். கீழே பதில்: 'கவலப்படாதீங்க. வெந்தண்ணில அரை மணி நேரம் ஊற வைங்க, அப்புறம் சோப்பு போடுங்க. துணி முகம் சுளிக்காம கறை வந்துடும்.' எழுதியவர் பெயர்: கறையக்கா.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. புதுப் போன் வாங்கிய வாரம். பேசினால் தானாகவே எழுதிக்கொள்ளும் என்று கடைக்காரன் காட்டிக் கொடுத்திருந்தான். கை ஈரமாக இருந்தது; எட்ட நின்றுகொண்டே பேசினாள். அவள் சொன்னது வெறுந்தண்ணி. குழாயைத் திறந்தால் வருகிற, சூடு பண்ணாத, சும்மா தண்ணீர். போன் நடுவிலிருந்த ஓர் எழுத்தை முழுங்கிவிட்டு வெந்தண்ணி என்று எழுதிக்கொண்டது. அவள் படித்துப் பார்க்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள். அந்த எண்ணைக் கணவரிடம் காட்டிப் பெருமைப்பட்டதுகூட நினைவிருக்கிறது. எண்ணைப் பார்த்தவள் எழுத்தைப் பார்க்கவில்லை.

அதைத்தான் ஒருவன் எடுத்து வெந்நீர் என்று இலக்கணமாக்கியிருக்கிறான். இன்னொருவன் கொதிக்க வைத்திருக்கிறான். ஒருத்தியாக இருந்த அவள் நிபுணர்களாகப் பெருகியிருக்கிறாள்.

கறையக்காவுக்கு முகமெல்லாம் சுட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தத் தாயின் பிள்ளைச் சீருடை என்ன ஆனதோ, ஏழு வருஷத்தில் யார் யார் வீட்டில் எத்தனை துணி பாழானதோ என்ற நினைப்புதான் பெரிதாக இருந்தது. ஒரு சொட்டு மருந்தை உள்மடிப்பில் விட்டுப் பார்க்காமல் தொடமாட்டேன் என்று ஊருக்கெல்லாம் பேசுகிறவள்!

"விடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். கேலி செய்ய இதைவிட நல்ல நாள் கிடைக்காது, அவள் செய்யவில்லை. "மெஷின் பண்ணின தப்பு. நீங்கன்னு யாருக்குத் தெரியப் போகுது? அந்த டிரைவருக்கா தெரியும்?"

"மெஷின் எழுதிச்சு. அனுப்பினது நான்தானே" என்றாள் கறையக்கா.

சனிக்கிழமை அவள் வேறு எந்தத் துணியையும் கையில் எடுக்கவில்லை. வெந்து உட்கார்ந்த ரத்தத்தைக் கிளப்ப வழி இருக்கிறது. ரத்தத்தைத் தின்னும் ஒரு பொடியைக் கரைத்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கும் மசியாத மிச்சத்துக்கு வெளுக்கும் மருந்து ஒரு சொட்டு. சிக்கல் கறையில் இல்லை, நூலில். கறையை வெளுக்கிற மருந்து நீலத்தையும் வெளுத்துவிட்டால், புள்ளி போனதோடு மகளின் பெயரும் போய்விடும்.

டிரைவரின் தையலுக்குப் பின்னால் தொங்கிய நூலில் ஒரு துண்டை வெட்டினாள். வெள்ளைத் தட்டில் வைத்து மருந்து விட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணிவரை நீலம் நீலமாக இருந்தது. இருபது நிமிஷத்தில் வெளுத்து அசடு வழிய ஆரம்பித்தது. ஆகவே பத்து நிமிஷத்துக்கு மேல் விடக்கூடாது. பத்து நிமிஷம் வைத்து, அலசி, உலர்த்தி, பார்த்து, மறுபடி பத்து நிமிஷம். பஞ்சு சுற்றிய குச்சியின் நுனியால் மூன்றாவது எழுத்தின் தலையை மட்டும் தொட்டாள். இஸ்திரிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "ஆபரேஷன் எந்த அளவுல இருக்கு டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் சிரித்தாள், ஆனால் நிமிரவில்லை.

எட்டாவது முறை உலர்த்திப் பார்த்தபோது விளக்கை அருகில் இழுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கறை இருந்த இடம் எது என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. பெயர் முழுசாக, நீலமாக இருந்தது.

ஞாயிறு மதியம் டிரைவர் வந்தார். இஸ்திரி போட்ட கோட்டு காகித உறைக்குள் மேசைமேல் தயாராக இருந்தது. கறையக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். வெளுத்த கோட்டைக் காட்டிவிட்டுச் சொன்னால் அவர் போனால் போகிறது என்று சொல்லிவிடுவார். அது சொன்னதாகாது என்று அவள் நினைத்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். வெந்நீர்னு எழுதினவனத் தேடினீங்களே. அது நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் போனை எடுத்துக் காட்டி, வெறுந்தண்ணி வெந்தண்ணி ஆன கதையை முதலிலிருந்து சொன்னாள். மற்ற நாற்பதும் இதைப் பார்த்து எழுதியவை என்பதையும் சொன்னாள். அவர் இரண்டு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு அனுப்பியிருக்கலாம்மா" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

"ஆமா. பாத்திருக்கணும்."

"நான் பத்துப் பன்னெண்டு பேர் சொல்றாங்கன்னு நம்பினேன். கடைசியில ஒருத்தர்தானா?"

"ஒருத்திதான். அவளும் தப்பா."

அவள் கையை எடுத்தாள். அவர் உறையைப் பிரித்தார். கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மகளின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார். மூன்றாவது எழுத்தில் விரலை வைத்துத் தடவினார். திரும்பி அவளைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"நடு ரோட்டுல இறக்கி விடறதா இருந்தேன்" என்றார்.

"இறக்கி விட்டுட்டு டிக்கெட்டுக்கும் காசு வாங்கியிருக்கணும்" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். போகும்போது அந்தப் பக்கத்தின் முகவரியைக் கேட்டு, தன் போனில் குறித்துக்கொண்டு போனார். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திருத்தம் எழுதினாள். பேசி எழுதவில்லை; ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பழைய பதிலை அழித்துவிடலாம் என்றாள் நாத்தனார். வேண்டாம், தப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் மற்ற நாற்பதும் எங்கிருந்து வந்தன என்று யாருக்காவது புரியும் என்றாள் இவள். கீழே இப்படி எழுதினாள்: 'மேலே உள்ளதை எழுதியவள் நான்தான். வெறுந்தண்ணி என்பது தவறாக வெந்தண்ணி என்று பதிந்துவிட்டது. படித்துப் பார்க்காமல் அனுப்பியது என் தவறு. ரத்தக் கறைக்கு வெந்நீர் கூடவே கூடாது. குளிர்ந்த தண்ணீர் மட்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தச் சோப்பு முறை ஆகாது. மன்னிக்கவும்.'

நான்கு தடவை படித்தாள். நாத்தனாரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கணவரையும் ஒரு தடவை படிக்க வைத்தாள். அப்புறம்தான் அனுப்பினாள். நாற்பது பேரில் முகவரி கிடைத்த பதினோரு பேருக்கு நாத்தனாரே தனித்தனியாகச் செய்தி அனுப்பினாள். செய்தி அனுப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அன்றைக்கு அண்ணி வாய்விட்டுச் சொன்னாள். நாத்தனார் அதை அன்றே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், போன் ஒலித்தது. திருத்தத்துக்குக் கீழே யாரோ முன்பின் தெரியாதவர் பதில் போட்டிருந்தார். 'நீங்கள் சொல்வது தவறு. வெந்நீர் என்றுதான் நாற்பது இடத்தில் போட்டிருக்கிறது. நிபுணர்களே சொல்லியிருக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீர் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் உண்டா?'

கறையக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நிபுணரே நான்தானடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. என்ன எழுதுவது? இருபத்திரண்டு வருஷம் என்று எழுதலாம். யார் வேண்டுமானாலும் அப்படி எழுதலாமே. இன்னொருவர் எழுதியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மேசை விரிப்பை எடுத்து விளக்கின் கீழ் விரித்தாள்.

நாலு மணிக்கு மறுபடி ஒலித்தது. எடுக்க மனமில்லாமல்தான் எடுத்தாள். இரண்டு படங்கள் வந்திருந்தன. ஒன்றில் சிவப்புப் புள்ளியோடு கோட்டு. மற்றதில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, கல்லூரி வாசலில், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். கீழே எழுதியிருந்தது:

'ஆதாரம் கேட்டவருக்கு. வெந்நீரில் போட்டுக் கெடுத்தது நான். கெட்டதை எடுத்தது இந்த அம்மா. தப்பு தன்னுடையது என்று நான் கேட்காமலே சொன்னதும் இவர்தான். மேலும் விவரம் வேண்டுமென்றால் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்கள். காலை ஷிப்ட். டிரைவர் சீட்டில் இருப்பேன்.'

கறையக்கா அதை இஸ்திரிக்காரரிடம் படித்துக் காட்டினாள். கவுண்டரில் இருந்தவளிடம் படித்துக் காட்டினாள். முதலாளியையும் கூப்பிட்டு முதலிலிருந்து படித்துக் காட்டினாள். மேசை விரிப்பு விளக்கின் கீழ் அப்படியே கிடந்தது. அன்று அதற்குமேல் அவளுக்கு வேலை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.